முடிக்குப் போட்ட மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்புமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கமிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31. பிறந்து வளர்ந்தது ஏற்காட்டில். கல்யாணமாகி வந்தது வெள்ளிக் கொலுசு செய்யும் குடும்பத்துக்கு. இரண்டாவது குழந்தைக்கு இப்போது ஏழு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறார். குழந்தைக்கு நாலாவது மாதம் நடக்கும்போது முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. சீவினால் சீப்பு நிறைய வருகிறது. குளித்தால் பாத்ரூம் ஜாலி அடைத்துக்கொள்கிறது. நகங்கள் நுனியில் ஏடு ஏடாகப் பிரிகின்றன. கர்ப்ப காலத்தில் கன்னத்தில் வந்த மங்கும் போகவில்லை.

பியூட்டி பார்லரில் இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து என்று சொல்லி, பயோட்டின் என்ற வைட்டமினின் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை டப்பா ஒன்றை 900 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என மூன்று மாதமாகப் போடுகிறார். பிரசவமான ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு என்று இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டார். போர் தண்ணிதான் முடியைக் கொட்ட வைக்கிறது என்பது மாமியாரின் கட்சி. முடிக்கு நல்லதென்று அவர் தினமும் ஒரு பச்சை முட்டையை உடைத்துக் கொடுக்கிறார். சர்க்கரையும் பிரஷரும் உள்ள அந்த மாமியாரும் இப்போது அதே டப்பாவிலிருந்து மாத்திரை போட்டுக்கொள்கிறாராம்.

போன மாதம் உடம்பு அசதியாக இருக்கிறதென்று டாக்டரிடம் போயிருக்கிறார். ரத்தம் கொடுக்கப் போன காலையிலும் வழக்கம்போல் பயோட்டின் போட்டுக்கொண்டுதான் போனார். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.8, டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்) 0.08, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) 2.9. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்க, பால் குடிக்கும் குழந்தைக்கு ஆகுமோ ஆகாதோ என்ற பயத்தில் வாங்கி வைத்துவிட்டு இன்னும் போடாமல் இருக்கிறார். படபடப்பு கிடையாது, எடை கூடத்தான் செய்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். தைராய்டால்தான் முடி கொட்டுகிறதா, பாலை நிறுத்த வேண்டுமா, பயோட்டினைக் கூட்டிப் போடலாமா, வழுக்கையாகிவிடுவேனா என்று நாலு கேள்விகள் கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வழுக்கை ஆக மாட்டீர்கள். இந்த மாதிரி கொட்டும் முடி திரும்ப முளைக்கும். அந்தப் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அதைவிட அவசரமான விஷயத்துக்கு வாருங்கள்.

முதலில் அந்தத் தைராய்டு ரிப்போர்ட்

நீங்கள் பயோட்டின் போடுவது உங்கள் டாக்டருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. வைட்டமின்தானே, அது மருந்தா என்ன என்று விட்டுவிடுகிறார்கள். டாக்டரும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்பாரே தவிர, முடிக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று எல்லோரும் கேட்பதில்லை. ஆனால் இந்த ஒரு வைட்டமின் ரத்தப் பரிசோதனையையே தடம் மாற்றிவிடக் கூடியது.

பல லேப்களில் தைராய்டு பரிசோதனை செய்யும் முறை உங்களுக்கு எளிதில் புரியும். கொலுசின் ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வளையம். பரிசோதனைக் கிட்டில் பயோட்டின்தான் கொக்கி. குழாயில் இருக்கும் நுண்ணிய மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் வளையம்போல இருக்கும். ரத்தத்தில் உள்ள டி.எஸ்.எச்.ஐப் பிடித்த பொருள் தன் பயோட்டின் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ளும். மாட்டியதை மெஷின் எண்ணும். நீங்கள் மாத்திரையாக விழுங்கிய பயோட்டின் ரத்தத்தில் ஏராளமாக மிதந்தால், வளையங்களை எல்லாம் அதுவே அடைத்துக்கொள்கிறது. டி.எஸ்.எச். மாட்ட இடமில்லாமல் கழுவும் தண்ணியோடு போய்விடும். மெஷின் டி.எஸ்.எச். குறைவு என்று அச்சடிக்கும்.

ஃப்ரீ டி4 பரிசோதனையின் கணக்கு தலைகீழ். அதில் மணிகளில் மாட்டுவது குறைந்தால் ரத்தத்தில் ஹார்மோன் அதிகம் என்று பொருள். அதனால் அதே பயோட்டின் அங்கே எண்ணைக் கூட்டிக் காட்டும். டி.எஸ்.எச். கீழே, டி4 மேலே. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயின் ரிப்போர்ட்டும் அச்சாக இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்த உங்கள் டாக்டர் அந்த மாத்திரையை எழுதியதில் ஆச்சரியமில்லை. கையில் இருந்த காகிதம் அப்படிச் சொன்னது.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். பால் கொடுக்கும் தாய்க்கு 35. நீங்கள் போடுவது 10,000. அதாவது தேவையைப்போல் ஏறத்தாழ 285 மடங்கு. விழுங்கிய இரண்டொரு மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். நீங்கள் ரத்தம் கொடுத்ததும் அந்த நேரத்தில்தான்.

உங்கள் ரிப்போர்ட் பொய் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லா லேப் கிட்டும் இந்த முறையில் வேலை செய்வதில்லை; சில நிறுவனங்கள் பயோட்டின் பாதிக்காதபடி கிட்டை மாற்றியும் விட்டன. இன்னொன்றும் இருக்கிறது. பிரசவமான 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு, குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் தைராய்டு சுரப்பி வீங்கி, அதில் சேர்ந்திருக்கும் ஹார்மோன் ரத்தத்தில் கசியும். அப்போதும் எண்கள் இப்படித்தான் வரும். ஆனால் எடை கூடியிருக்கிறது, படபடப்பு இல்லை, கை நடுக்கம் பற்றியும் நீங்கள் எதுவும் எழுதவில்லை. ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது, உடம்பு இன்னொன்று சொல்கிறது. அப்படி இருக்கும்போது மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன் மறுபரிசோதனை செய்வதுதான் முறை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே பயோட்டினை நிறுத்துங்கள். சடாரென்று நிறுத்தினால் எதுவும் ஆகாது. நாளைக்கே அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போய், தைராய்டு மாத்திரையை இன்னும் போடவில்லை, இந்தப் பயோட்டினை மூன்று மாதமாகப் போட்டேன் என்று இரண்டையும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். இந்தத் தகவல் கையில் இருந்தால் எந்த டாக்டரும் மறுபரிசோதனைக்குத்தான் எழுதுவார். இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும் என்பது பொதுவான நடைமுறை. நீங்கள் போட்டது பெரிய அளவு, உங்களுக்கு அவசரமும் இல்லை. அதனால் ஒரு வாரம் விட்டு எடுங்கள் என்பேன். லேப்பில் ரத்தம் எடுக்கும் பெண்ணிடமும் பயோட்டினை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் நெஞ்சு படபடத்தாலோ, கை நடுங்கினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

மறு ரிப்போர்ட் சரியாக வந்துவிட்டால் தைராய்டுப் பேச்சே முடிந்தது. டி.எஸ்.எச். அப்போதும் குறைவாகவே இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் வீக்கமா, நிஜமாகவே அதிகச் சுரப்பா என்று டாக்டர் பிரித்துப் பார்ப்பார். வீக்கம் என்றால், சுரப்பைக் குறைக்கும் மாத்திரையால் பயனில்லை. அது பெரும்பாலும் தானே அடங்கும். அப்புறம் சில மாதம் தைராய்டு குறைந்து போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிஜமான அதிகச் சுரப்பு என்றால் மாத்திரை கட்டாயம் தேவை; அப்போதும் டாக்டர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் அளவில் போட்டுக்கொண்டு தாய்ப்பாலைத் தொடர முடியும். கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் தைராய்டு ஸ்கேனுக்கு யாராவது எழுதினால் மட்டும், பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தைராய்டு சரியாக இருக்கும் ஒருவர் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால், தைராய்டு உண்மையிலேயே குறைந்து போகும். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும். எந்தக் கவலையில் ஆரம்பித்தீர்களோ அது இன்னும் பெரிதாகி நிற்கும்.

முடி ஏன் கொட்டுகிறது

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருப்பதால், சாதாரணமாக நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர வேண்டிய முடிகள் உதிராமல் தலையிலேயே தங்கிவிடுகின்றன. அந்த ஒன்பது மாதமும் பின்னல் கனமாக இருந்திருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன் இறங்கும். தங்கியிருந்த முடிகள் எல்லாம் மொத்தமாக ஓய்வு நிலைக்குப் போகும். ஓய்வுக்குப் போன முடி உதிர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதனால்தான் குழந்தைக்கு மூன்று, நாலு மாதமாகும்போது திடீரென்று கொத்துக் கொத்தாக வருகிறது. உங்கள் கணக்கும் அதேதான். டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சலுக்கு அப்புறமும், பெரிய ஆபரேஷனுக்கு அப்புறமும் இதே இடைவெளியில் இதே மாதிரி கொட்டும்.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள இரண்டு வழி சொல்கிறேன். சீப்பில் வந்த முடியில் நாலைந்தை எடுத்து வெள்ளைத் துணி அல்லாமல் இருண்ட துணியின் மேல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளை முண்டு இருந்தால், அது ஆயுள் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. முண்டு இல்லாமல் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. அடுத்தது, கண்ணாடி முன்னால் நின்று நெற்றி ஓரத்தையும் காதுக்கு மேலேயும் பாருங்கள். எண்ணெய் வைத்தாலும் படியாமல் விரல்கடை உயரத்தில் குட்டி முடிகள் நிற்கின்றனவா? நின்றால் புது முடி முளைத்துக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் முடி வளரும் என்பதால், பின்னலில் அது தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கொட்டுவது மட்டும் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் நின்றுவிடுகிறது.

பயோட்டின் போட்ட பலருக்கு முடி நின்றதே என்று பார்லரில் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தானே நிற்க வேண்டிய நேரத்தில் மாத்திரையும் கூட இருந்தது. பெயர் மாத்திரைக்குப் போயிற்று.

பயோட்டினின் உண்மையான வேலை

பயோட்டின் வேண்டாத பொருள் அல்ல. பி வைட்டமின் வகையைச் சேர்ந்தது. உடம்பில் கொழுப்பைக் கட்டவும், சர்க்கரையை உண்டாக்கவும், சில அமினோ அமிலங்களைப் பிரிக்கவும் வேலை செய்கிற ஐந்து நொதிகள் பயோட்டின் இல்லாமல் அசையாது. முடி வேரும் தோலும் ஓயாமல் புது செல்களை உண்டாக்கும் இடங்கள் என்பதால், பயோட்டின் நிஜமாகவே தீர்ந்து போனால் அங்கேதான் முதலில் தெரியும். முடி மெலியும், கண், மூக்கு, வாயைச் சுற்றிச் சிவந்து செதில் செதிலாக உரியும். அப்படிப்பட்டவருக்குப் பயோட்டின் கொடுத்தால் அருமையாகத் தேறுவார். இதிலிருந்துதான், குறைந்தால் முடி கொட்டும், ஆகவே கூட்டினால் முடி வளரும் என்ற எண்ணம் பரவியது. பற்றாக்குறை இல்லாதவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். 2017ல், முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் கொடுத்ததாக மருத்துவ இதழ்களில் பதிவானவற்றை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். தேறியவர்கள் என்று கிடைத்ததே 18 பேர்தான். அந்த 18 பேருக்கும் அடியில் வேறு ஒரு கோளாறு இருந்தது.

அப்படியானால் யாருக்குத்தான் பயோட்டின் தேவை?

பயோட்டினை மீட்டுப் பயன்படுத்தும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு அது உயிர் காக்கும் மருந்து. தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள்.

வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகளை நீண்ட காலம் போடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறையலாம். அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முடிக்குப் பயந்து வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

குடலில் பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், அதிகமாகக் குடிக்கிறவர்கள், நீண்ட நாள் நரம்பு வழியாக மட்டும் சத்து ஏற்றப்படுகிறவர்கள்.

நீங்கள் இதில் எதிலும் இல்லை. குழந்தையைப் பற்றியும் பயம் வேண்டாம். இது தண்ணியில் கரையும் வைட்டமின். உடம்பில் சேர்ந்து விஷமாவதில்லை. மங்கு விஷயத்தில் பயோட்டினுக்கு எந்த வேலையும் இல்லை. கர்ப்பத்தில் வந்த மங்கு ஹார்மோனாலும் வெயிலாலும் வருவது. சேலத்து வெயிலில் மாடியில் துணி காயப்போடும்போதுகூட முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள். பாதிக்கு மேல் மெதுவாக வெளுக்கும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி

தைராய்டு எண்ணுக்கு நாலு கேள்வி கேட்ட நீங்கள், ஹீமோகுளோபின் 9.8 என்பதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் உறுத்துகிறது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இந்த எண்ணைப் பயோட்டின் கெடுக்காது. ஹீமோகுளோபின் பார்க்கும் முறையே வேறு. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் சந்தேகமில்லாமல் நம்பக்கூடிய எண் இதுதான். உங்கள் அசதிக்கும் இதுவே போதுமான காரணம். இரும்புச்சத்து குறைந்தால் முடி உதிர்வது நீளும், நகமும் பலவீனமாகும். தேவையான மாத்திரையை இரண்டாவது மாதம் நிறுத்திவிட்டு, தேவையில்லாத மாத்திரைக்கு மாதாமாதம் 900 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், சகோதரி. இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், அது சாதாரணம் என்று ஒரு வார்த்தை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

பிரசவமான தாய்க்கு 180 நாள் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அரசுத் திட்டம். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. 180 நாள் தாண்டிவிட்டதே என்று தயங்க வேண்டாம். 9.8 என்ற ரிப்போர்ட்டைக் காட்டினால் சிகிச்சைக்கான அளவிலேயே கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்டதும் போடுங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலச்சிக்கலுக்குத் தண்ணியும் கீரையும் கொய்யாவும். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரை இருக்கிறது.

அப்புறம் காபி. ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த உங்களிடம் காபியை விடச் சொல்ல மாட்டேன். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட்டால் போதும். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரும்பு சேருவதைத் தடுக்கும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும், இருப்பு நிரம்புவதற்கு. அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைத் தைராய்டு மறுபரிசோதனையோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். பயோட்டின் அதையும் குழப்பக்கூடியது என்பதால் அந்த ஒரு வார இடைவெளி இதற்கும் உதவும்.

நகமும் உங்கள் வேலையும்

பற்றவைத்து வந்த கொலுசை அமிலத் தண்ணியில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் பிரஷ் போட்டுக் கழுவுவது உங்கள் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கொலுசுப் பட்டறையிலிருந்து வருகிறவர்களின் கையை நான் அடிக்கடி பார்க்கிறேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகத்தின் நுனி வெங்காயச் சருகுபோலப் பிரிந்திருக்கும். நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய சவ்வு கரைந்துபோய், ஓரம் உப்பிச் சிவந்திருக்கும். பிரஷ் பிடிக்கிற கையில் இது இன்னும் அதிகம்.

நகம் என்பது அடுக்கடுக்கான தகடு. தண்ணியில் ஊறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை இப்படி ஊறிக் காய்ந்தால் அடுக்குகளைச் சேர்க்கும் பிடிப்பு விட்டுப்போகும். அமிலமும் நுரையும் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும். பிரியும் நகத்துக்குப் பயோட்டின் என்ற யோசனை குதிரைக் குளம்பு வைத்தியத்திலிருந்து வந்தது. 2.5 மில்லிகிராம் கொடுத்துச் சிலருக்கு நகம் கெட்டியானதாக 1990 வாக்கில் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை போடாத இன்னொரு குழுவும் இல்லை. கை தினமும் அமிலத்தில் இருக்கும்போது எந்த மாத்திரையாலும் நகம் நிற்காது.

கழுவும்போது மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, அதன்மேல் ரப்பர் கையுறை போடுங்கள். நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் இடத்துக்குப் போகும்போது இரண்டையும் கழற்றிவிட வேண்டும். ரப்பர் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, நகத்தைச் சுற்றி வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். ராத்திரி படுக்கும்போது இன்னொரு தடவை. குழந்தையைத் தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக்குங்கள். கை நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற ஆறு மாதம் ஆகும். நகம் மஞ்சளாகித் தடித்து உதிர்ந்தாலோ, நடுவில் கரண்டிபோலக் குழிந்தாலோ காட்டுங்கள். முதலாவது பூஞ்சையாக இருக்கலாம். இரண்டாவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

போர் தண்ணியும் பச்சை முட்டையும்

உங்கள் அத்தை சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும். முடி சிக்கி ஒடியும். ஆனால் வேரோடு பிடுங்க அதற்குச் சக்தி கிடையாது. முனையில் வெள்ளை முண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேனே, இதற்கும் அதுதான் பதில். ஒடிந்த முடி அதிகமாக இருந்தால், தலைக்குக் குளித்த பின் கடைசியாக ஒரு குடம் காவிரித் தண்ணி ஊற்றி அலசுங்கள்.

பச்சை முட்டையை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. ஒரு முட்டையால் பற்றாக்குறை வந்துவிடாதுதான். ஆனால் பச்சை முட்டையில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமியும் இருக்கலாம். அதே முட்டையை வேகவைத்துக் கொடுத்தால் அவிடின் செயலிழந்துவிடும். ஒரு முழு முட்டையில் சுமார் 10 மைக்ரோகிராம் பயோட்டின் இருக்கிறது. உங்கள் நாள் தேவையில் கால் பங்குக்கு மேல். வாரத்தில் ஒரு நாள் ஆட்டு ஈரல், சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பருப்பு, பால், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று சாப்பிட்டால் மீதியும் வந்துவிடும்; கூடவே புரதமும், ஈரலில் இரும்பும் கிடைக்கும். முடி என்பதே புரதம்தான். காலையில் கிச்சடி, மதியம் ரசம் சோறு என்று பாலூட்டும் தாய் நாளை ஓட்டக் கூடாது.

எப்போது தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும்

குழந்தைக்கு ஒரு வயது முடிந்த பிறகும் கொட்டுவது குறையவில்லை என்றாலும், வகிடு வரவர அகலமானாலும், காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், தலையில் சீழ்க் கொப்புளமோ புருவ முடி உதிர்வோ இருந்தாலும் தாமதிக்காதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. வகிடு அகலமானால் மினாக்சிடில் என்ற மருந்தைப் பற்றி யாராவது சொல்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் பால் கொடுக்கும்வரை நீங்களாக வாங்கித் தடவ வேண்டாம்.

பார்லரில் வாங்கிய டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் விற்கும் ஊட்டச்சத்து மாத்திரையின் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்க வேண்டும். உங்கள் டப்பாவில் இல்லையென்றால், பில்லைக் கேளுங்கள்; பில்லும் தர மறுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் உங்கள் அத்தையின் விஷயத்தைக் கவனியுங்கள்.

சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர் அவர். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் சில கிட்டுகளில் டி.எஸ்.எச். போலத்தான் வேலை செய்கிறது. பயோட்டின் அதிகமிருந்தால் எண்ணைக் குறைத்துக் காட்டும். 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதிக அளவு பயோட்டின் போட்ட ஒரு நோயாளிக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டி, அவர் இறந்துபோன செய்தி அதில் இருந்தது. அத்தையை இன்றே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய இந்த ஒரு வாரத்துக்குள் அவருக்கு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், 108 ஆம்புலன்ஸில் ஏறும்போதே பயோட்டின் போட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கும் டாக்டரிடமும் மறுபடி சொல்லுங்கள்.